நைனாவின் தாடைக்கடியில் ஒரு கல்

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. நைனா விடியறதுக்கு முன்னாடியே காசிமேட்டுக்குப் போய் நெத்திலி வாங்கி வந்திருந்தார். ரெண்டு மாசம் கழிச்சு வீட்டில் நெத்திலிக் குழம்பு, தெரு முனை வரைக்கும் வாசனை. தட்டு முன்னால் உட்கார்ந்து ரெண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார், கையை அப்படியே நிறுத்திவிட்டு இடது பக்கத் தாடைக்கடியைப் பிடித்துக்கொண்டார். தொட்டுப் பார்த்தால் சின்ன எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. ஒரு மணி நேரத்தில் தானாகவே வடிந்தும் போய்விட்டது. ராத்திரி இட்லி சாப்பிட உட்கார்ந்தார், மறுபடியும் அதே இடத்தில் அதே வீக்கம்.

எங்கள் தண்டையார்பேட்டை வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். "பல்லுதாங்க, அந்தக் கடைவாய்ப் பல்லு ரொம்ப நாளா சொத்தை" என்றார் அம்மா. கீழ்வீட்டு ஆயா பொன்னுக்குவீங்கி என்று முடிவே கட்டிவிட்டு, கழுத்தில் தங்கச் சங்கிலி போடச் சொன்னார். பல் கிளினிக் ஒன்றில் எக்ஸ்ரே எடுத்து, வேர் சிகிச்சை செய்யணும் என்று சொல்லி, அதுவரைக்கும் ஆண்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள். சாப்பிடும்போது மட்டும்தான் வீங்குகிறது என்று நான் மூன்று தடவை சொன்னேன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை, எனக்கு இன்னும் அந்த ஆத்திரம் இருக்கிறது. ஏனென்றால் முழு விஷயமும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருந்தது.

ஒருநாள் சாயந்திரம் ஸ்கூல் வாசல் தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று. நைனா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், வாங்கக்கூட இல்லை. வீக்கம் வந்துவிட்டது. வாயில் எதுவுமே போகவில்லை, பல்லில் எதுவும் படவில்லை. அப்போதுதான் இது பல் இல்லை, எச்சில் சம்பந்தப்பட்டது என்று எனக்கு உறைத்தது.

வாய்க்குள் எச்சில் எப்படி வருகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. பெரிய சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் கன்னத்தில் பரோடிட், தாடை எலும்புக்குக் கீழே ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. இது போக உதடு, கன்னம், அண்ணம் என்று எல்லா இடத்திலும் கண்ணுக்கே தெரியாத சின்னச் சுரப்பிகள் நூற்றுக்கணக்கில். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கின்றன. பொன்னுக்குவீங்கி வீங்குவது பெரும்பாலும் பரோடிட்டில், காதோரமாக. அது வைரஸ் காய்ச்சல். அதனால் ஆயா சொன்னதும் ஒரு எச்சில் சுரப்பியைத்தான், வேறு ஒன்றை.

சுரப்பிக்குள்ளே பார்த்தால் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். ஒவ்வொரு திராட்சையும் செல்களால் ஆன குட்டிப் பை, அதைச் சுற்றி ஓடும் ரத்தத்திலிருந்து நீரையும் உப்பையும் இழுத்து உள்ளே விடுகிறது, கூடவே தான் தயாரித்த புரதங்களையும் சேர்க்கிறது. அந்த நேரத்தில் அது ரத்த நீர் அளவுக்கே உப்பாக இருக்கும். அப்புறம் குழாய் வழியாக வரும்போது குழாயின் சுவர் உப்பில் பெரும்பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, தண்ணீரை மட்டும் விட்டுவிடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. நம் எச்சில் நமக்கே உப்புக் கரிக்காமல் இருப்பதால்தான் குழம்பில் ஒரு சிட்டிகை உப்பு குறைந்தால்கூட நாக்கு கண்டுபிடிக்கிறது.

சுரக்கச் சொல்வது மூளையின் அடித்தண்டு, நரம்பு வழியாக. புளிப்பு பட்டால் வேகமாகச் சுரக்கும். வாசனையோ நினைப்போ கூடப் போதும். நாய்களின் எச்சிலை வைத்து இதை ஆராய்ந்த பாவ்லோவுக்கு ஜீரணம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தள்ளுவண்டி முன்னால் நைனாவுக்கு நடந்ததும் அதேதான், ஆனால் ஊறின எச்சில் வெளியே வர வழியில்லை.

அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு இளம் டாக்டர், "ஐயா, வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க" என்று சொல்லி, கையுறை போட்ட ஒரு விரலை நாக்குக்கு அடியிலும் மறு கையைத் தாடைக்குக் கீழேயும் வைத்து மெதுவாக நீவிப் பார்த்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "கல் இருக்கு" என்றார். ஸ்கேனும் அதையே காட்டியது. குழாயின் வாசல் பக்கத்தில், அரிசி மணி அளவுக்கு.

எச்சில் கற்களில் பத்தில் எட்டு இந்தத் தாடைக்கடிச் சுரப்பியில்தான் வருமாம். இதன் எச்சில் கொஞ்சம் கொழகொழப்பு, சுண்ணாம்புச் சத்தும் அதிகம், குழாயும் நீளம், கீழேயிருந்து மேலே ஏறி நாக்கின் அடியில் திறக்கிறது. மேல்நோக்கிப் போகும் கெட்டியான நீர் தேங்கித்தானே போகும். நைனா துறைமுகத்தில் வெயிலில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர், டீ குடித்தே பொழுதை ஓட்டுவார், தண்ணீர் கேட்டுக் குடித்து நான் பார்த்ததில்லை. உடம்பில் நீர் குறைந்தால் எச்சில் இன்னும் கெட்டியாகும், கல் சேர அது தோது.

இத்தனைக்கும் கல்லாகப் படிகிற அந்தச் சுண்ணாம்பு கெட்டது இல்லை. சாப்பிட்டதும் வாயில் இருக்கும் கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் தின்று அமிலத்தை விடும், அது பல்லின் மேல்பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். எச்சிலில் உள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை அடக்குகிறது, கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்தில் திரும்பப் படிகின்றன. தூக்கத்தில் சுரப்பது ரொம்பக் குறைவு, ராத்திரி பல் விளக்கச் சொல்வது அதனால்தான். அமைலேஸ் என்ற நொதி சோற்றை வாயிலேயே உடைக்க ஆரம்பிக்கும், வெறும் சோற்றை நிறைய நேரம் மென்று பாருங்கள், இனிக்கும்.

இதெல்லாம் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்பதை எங்கள் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரிடம் பார்த்தேன். பல வருஷம் மாவா என்கிற புகையிலைப் பாக்கு போட்டவர், வாயில் புற்றுநோய், கழுத்தோடு சேர்த்துக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்தார்கள். நோய் போனது, எச்சிலும் போனது. எங்கே போனாலும் கையில் தண்ணீர் பாட்டில். ரசத்தில் கரைத்தால்தான் ஒரு வாய் சோறு இறங்கும், பேசினால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, நன்றாக இருந்த பற்கள் ஈறோரமாக ஒவ்வொன்றாகச் சொத்தையாகின. எதற்கும் ருசி தெரியலப்பா என்று அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எந்தச் சுவையும் எச்சிலில் கரைந்தால்தான் நாக்குக்குத் தெரியும்.

நைனாவுக்குக் கத்தி தேவைப்படவில்லை. கல் சின்னது, வாசல் பக்கத்திலேயே இருக்கு, முயற்சி பண்ணிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். நிறையத் தண்ணீர், வெந்நீர் ஒத்தடம், தாடைக்கடியிலிருந்து முன்பக்கமாக நீவிவிடுதல், அப்புறம் எலுமிச்சைத் துண்டை வாயில் போட்டுச் சப்புதல். வேண்டுமென்றே எச்சிலைப் பெருகவைத்து, அந்த வேகத்திலேயே கல்லைத் தள்ளவைக்கிற வைத்தியம். காய்ச்சல் வந்தாலோ சீழ் வந்தாலோ உடனே வரணும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். பெரிய கல்லாக இருந்தால் வாய்க்குள்ளேயே சின்னதாகக் கீறி எடுப்பார்களாம்.

பதினெட்டாம் நாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது வாஷ்பேசினில் டிக் என்று ஒரு சத்தம். மஞ்சளாக, சொரசொரப்பாக ஒரு மணி. அம்மா அதைக் கழுவி மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

அன்றைக்கு மத்தியானமே நெத்திலிக் குழம்பு. நைனா வலது கையால் பிசைந்து சாப்பிட்டார், இடது கை மட்டும் தாடைக்கடியிலேயே இருந்தது. ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளும்போதுதான் அந்தக் கையை எடுத்தார்.