தோளில் சுண்ணாம்பு

ஜனவரி 18, 2025, ரோஸ்ஹில், மொரீஷியஸ்

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வலது தோள் திடீரென்று பிடித்துக்கொண்டது. ஒருக்களித்தாலும் வலி, மல்லாந்தாலும் வலி. கடைசியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடிந்தது. கரும்பலகையின் மேல்வரியை எழுதும்போது சுருக்கென்பது போன வருஷமே உண்டு. இது வேறு.

ஜனவரி 20

எக்ஸ்ரேயில் தோள் எலும்புக்குச் சற்று மேலே ஒரு வெள்ளைத் திட்டு, ஓரமெல்லாம் கலங்கியிருந்தது. கையைத் தூக்க உதவும் சுப்ராஸ்பினேட்டஸ் என்ற தசையின் நாரில் கால்சியம் படிந்திருக்கிறதாம். 30 முதல் 60 வயதுக்குள் வருவது, பெண்களுக்குக் கூடுதல். சர்க்கரை, தைராய்டு உண்டா என்று டாக்டர் கேட்டார். சர்க்கரை எனக்கு எல்லைக்கோட்டில்.

அந்தக் கலங்கிய ஓரத்தைத்தான் அவர் திரும்பத் திரும்பக் காட்டினார். படியும் காலத்தில் கால்சியம் சாக்கட்டி மாதிரி இறுகிக் கிடக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. உடம்பு அதைக் கரைக்கத் தொடங்கும்போது பற்பசைப் பதத்துக்கு வந்து, தசைநார் வீங்கி, உயிர் போகும் வலி வரும். “வலி உச்சத்தில் இருந்தால் பெரும்பாலும் அது கரைகிறது என்று அர்த்தம்” என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, தோள் அவருடையதில்லையே!

மாமி அன்றைக்கே பாலை நிறுத்தச் சொல்லிவிட்டார். சாப்பிடும் கால்சியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எடுபடவில்லை.

ஜனவரி 23

சாப்பாட்டுக்குப் பின் வீக்கம் குறைக்கும் மாத்திரை. துணியில் சுற்றிய ஐஸ். குடல்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் இந்த மாத்திரையைக் கேட்காமல் போடக்கூடாது. ஸ்டீராய்டு ஊசியும் பேச்சில் வந்தது: வீக்கத்தை அடக்கும், கால்சியத்தைக் கரைக்காது, சில நாளைக்குச் சர்க்கரையை ஏற்றும். இப்போதைக்கு வேண்டாமென்றேன்.

பிப்ரவரி 3

அரசு மருத்துவமனையில் பிசியோ. காசில்லை, காத்திருப்புதான். முன்னால் குனிந்து, இடது கையை மேசையில் ஊன்றி, வலது கையைத் தளரத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாகச் சுழற்றணும். கொஞ்சம் வேகம் கூடினால் பயிற்சி தரும் பெண் “பா ஃபோர்சே, மதாம்” (வலிந்து செய்யாதீங்க, அம்மா) என்று கையைப் பிடித்துவிடுவாள். பிறகு இரண்டு தோள்பட்டைகளையும் பின்னுக்கு இழுத்து நிறுத்தும் பயிற்சி. கையை அடியோடு அசைக்காமல் வைத்தால் மூட்டு இறுகிவிடுமாம்.

பிப்ரவரி 8

பள்ளிக்கூட ஓய்வறையில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் தோளில் வெளியிலிருந்து செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சைக்குப் போ என்கிறார், இன்னொருவர் ஊசி போட்டுக் கால்சியத்தைக் கழுவச் சொல்கிறார். இரண்டையும் டாக்டரிடம் கேட்டுவந்தேன்.

சிறுநீரகக் கல்லை உடைக்க 1980ல் மியூனிக்கில் முதன்முதலாக மனிதருக்குப் பயன்படுத்திய முறையிலிருந்து வந்ததுதான் அதிர்வலை. வாரத்துக்கு ஒருதரம் போல சில தடவை, வலிக்கும். குறைந்த சக்தியைவிட உயர்ந்த சக்தி நன்றாக வேலை செய்கிறது. இறுகிக் கிடந்து நகராத கால்சியத்துக்குத்தான் அதிகம் சொல்கிறார்கள், தானே கரையும் என்னுடையதுக்கு அவசரமில்லை.

கழுவுவது என்றால், மரத்துப்போகும் மருந்து போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி திட்டுக்குள் ஊசியை இறக்கி, உப்புநீரைச் செலுத்தி உறிஞ்சுவார்கள். நீர் பால் நிறத்தில் திரும்பி வருமாம். முடிவில் ஸ்டீராய்டு. கேட்டதும் ஆசை வந்தது. ஆனால் 2023ல் ஸ்காண்டினேவிய மருத்துவமனைகளில் 220 பேரிடம் ஒரு சோதனை: சிலருக்கு உண்மையாகக் கழுவினார்கள், சிலருக்குக் கழுவுவது போல் பாவனை. நான்கு மாதம் கழித்து வலியிலும் கைவேலையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை. எல்லாருமே ஓரளவு தேறியிருந்தார்கள். எனக்கு இது போதும். மாதங்கள் கடந்தும் விடாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 11

காவடி. விடுமுறை. தம்பி மகன் காவடி எடுத்தான், நான் பால்சொம்பு. வலது கை தலைக்கு மேல் ஏறாது, இடதுகையால் பிடித்துக்கொண்டேன். தார்ச்சாலைச் சூடு காலைச் சுட்டதில் தோள் நினைவே இல்லை.

மார்ச் 9

இரவில் தூங்குகிறேன். கை காதுவரை போகிறது. மாத்திரை வலித்தால் மட்டும். ஜூனில் மறுபடி எக்ஸ்ரே எடுத்து, திட்டு சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதுகுப்பக்கம் கை இன்னும் வளையவில்லை, அதனால் தையல்காரம்மாவிடம் புது ரவிக்கைகளுக்குக் கொக்கியை முன்பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.