நோட்டில் 110, மீட்டரில் 287

ஜனவரி 5, அல்சூர், பெங்களூரு

நோட்டில் ரத்தச் சர்க்கரை அளவு வரிசையாக 110, 120, 115. எல்லாம் ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதியது. மீட்டரின் மெமரியைத் திறந்தால் 287, 310, நடுவில் இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. டைப் 1 சர்க்கரை நோய் (உடலில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசி போட வேண்டியது) உள்ள பதின்வயதுப் பிள்ளைகள் வீட்டில் இது சகஜம். எண்ணைப் பார்த்ததும் "என்னத்தத் தின்னே?" என்று பாய்ந்தால் அடுத்த மாதமும் பொய்க் கணக்குதான். பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை மழுங்கடிக்கும். ஒழுங்காக ஊசி போட்டாலும் 250 காட்டும். பெற்றோருக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

ஜனவரி 8

பையனிடம் கேட்க வேண்டிய கேள்வி: "டியூஷனுக்கு முன்னாடி டிபன் சாப்பிடும்போது ஊசி போடுறது உனக்கு எவ்வளவு முக்கியம்? 0-லேருந்து 10-க்குள்ள சொல்லு." பையன் 4 என்பான். "ஏன் 8 இல்ல?" என்றால் சாக்குதான் வரும். "ஏன் 1-னு சொல்லல?" என்று கேட்டால், ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழுந்திருப்பது, ஃபுட்பாலில் சோர்ந்துபோவது எல்லாம் அவன் வாயாலேயே வரும். அந்த நேரம் அப்பா குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

ஜனவரி 11

1922-ல் இதே நாளில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட லெனார்ட் தாம்சனும் பதின்வயதுப் பையன்தான். அந்த ஊசி சரியாக வேலை செய்யவில்லை. சுத்திகரித்த மருந்தை 23-ஆம் தேதி போட்ட பிறகே சர்க்கரை இறங்கியது.

வீட்டுக் கூட்டம் வாரம் ஒன்று, 15 நிமிடம். சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். எடுப்பது ஒரே சிக்கல். முடிவை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்ட வேண்டும்: 5 மணிக்கு அவன் வாட்ஸ்அப்பில் எண்ணை அனுப்புவான், 5.15 வரை அம்மா கேட்கக் கூடாது, வந்த எண்ணுக்குப் பதில் "சரிப்பா" மட்டும். ஏழு நாள் பார்க்கலாம். பெரும்பாலும் கவிழ்வது 5.02-க்கு அம்மா அடிக்கும் போனில்தான்.

பேரத்துக்கு அப்பாற்பட்டவை இரண்டு. நீண்டநேர இன்சுலினைப் பெரியவர் கண்ணெதிரேதான் போட வேண்டும். வாந்தி வந்தால் பொறுப்பு முழுக்கப் பெற்றோருடையது: கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலம்) பார்ப்பது, மருத்துவரைக் கூப்பிடுவது; சாப்பிடவில்லை என்று இன்சுலினை நிறுத்தவே கூடாது.

ஜனவரி 13

பொங்கல் வருகிறது. "கொஞ்சூண்டுதானே, குழந்தை ஆசைப்படுது" என்று பாட்டி ஒளித்துக் கொடுப்பார். பாட்டியோடு சண்டை வேண்டாம். தராசை அவர் கையில் கொடுத்துவிடலாம். அரிசி, பருப்பு, வெல்லத்தைப் போடும்முன் எடைபோட்டு, மாவுச்சத்தைக் கூட்டி, வெந்ததும் எத்தனை கரண்டி என்று எண்ணி வகுத்தால் ஒரு கரண்டிக் கணக்கு வந்துவிடும். பேரன் அதற்கேற்ற இன்சுலின் யூனிட்டைச் சாப்பிடும்முன் போட்டுக்கொள்வான். நெய் சர்க்கரை ஏறுவதைத் தள்ளிப்போடும். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒரு முறை, 4 மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.