கொம்பி வானுக்குள் வன்னிக்கேற்ற ஒரு வீடு

கிளிநொச்சியில் நான் வைத்திருக்கும் எழுபதுகளின் வொக்ஸ்வாகன் கொம்பி வானைத் தங்கிப் பயணிக்கும் வண்டியாக மாற்ற முடிவுசெய்ததும், ஜேர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனம் ஐம்பதுகளிலிருந்து இவ்வகை வான்களுக்குள் அமைத்துவந்த மடிப்புக் கட்டில், அலுமாரி, சமையல் மேடை ஆகியவற்றின் படங்களையே முதலில் கூர்ந்து பார்த்தேன். மிக நேர்த்தியான வேலைப்பாடு. ஆயினும் குளிர்நாட்டுக்காக எண்ணிச் செய்யப்பட்டது. அங்கே சூட்டை உள்ளே பிடித்துவைக்க வேண்டும். வன்னியிலோ அதை வெளியேற்ற வேண்டும்.

ஆகவே காற்றிலிருந்தே தொடங்கினேன். நடுப்பகுதியின் பக்கக் கண்ணாடிகளை எடுத்துவிட்டு, சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டிகள் கொண்ட யன்னல்களைப் பொருத்தி, உட்புறம் நுளம்பு வலை அடித்தேன். கார்த்திகை மழையிலும் அவற்றைச் சற்றே திறந்துவைக்கலாம். இயந்திரத்தின் சூட்டை உள்ளே கொண்டுவரும் வழியை அடைத்துவிட்டேன். பின்பக்க மூலைகளிலுள்ள காற்றுத் துவாரங்களை மட்டும் அழகுக்காகக்கூட எவரும் மறைத்துவிடக் கூடாது. இந்த வானுக்கு ரேடியேற்றர் இல்லை, காற்றே இயந்திரத்தைக் குளிர்விக்கிறது. சித்திரை வெயிலில் ஏ9 வீதியில் ஓடும்போது வான் நம்பியிருப்பது அந்தத் துவாரங்களைத்தான்.

உள்வேலை முழுவதையும் முதிரையில் செய்யவே மனம் விரும்பியது. ஆனால் முதிரை ஒரு கனமீற்றர் 900 கிலோவைத் தாண்டும் மரம். 1600 சீசீ இயந்திரத்தின்மேல் அந்தப் பாரத்தை ஏற்றுவது நியாயமில்லை. எனவே அலுமாரிகளையும் கட்டில் சட்டத்தையும் மெல்லிய பலகையில் செய்வித்து, இடிந்த வீடொன்றின் நிலையிலிருந்து எடுத்த முதிரைப் பலகையை மேசைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். எங்கள் ஊரின் முதிய தச்சர் அதை இழைத்து மெருகேற்றியபோது வெளிப்பட்ட பொன்னிற வரிகளுக்கு எந்தப் புதுப்பலகையும் ஈடாகாது. இயந்திரம் பின்னால் இருப்பதால் தண்ணீர்க் கலனையும் மேலதிக பற்றரியையும் முன் இருக்கைகளுக்குப் பின்னால் வைத்தேன். கூரையில் 100 வாற் சூரியத் தகடு. இரவில் மின்விசிறியும் விளக்கும் அதன் தயவில் இயங்குகின்றன, இயந்திரத்தைக் கிளப்பும் பற்றரியை அவை தொடுவதில்லை.

சமையல் மேடையை நான் வானுக்குள் பொருத்தவேயில்லை. அடுப்பு, அரிசி, உப்பு, பழம் எல்லாம் இரண்டு பிடிகள் கொண்ட மரப்பெட்டியொன்றில் அடங்கும். சமைப்பது மரநிழலில், படுக்கும்முன் பெட்டி தெரிந்தவர் வீட்டுக்குள் போய்விடும். அரிசியும் உப்பும் மணந்தால் சுவரையே இடித்து வரும் யானைகள் நடமாடும் காட்டோரங்களில், மெல்லிய தகரத்துக்குள் உணவை வைத்துக்கொண்டு உறங்குவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நிறத்தில்தான் என் விருப்பத்துக்கு முழு இடம் கொடுத்தேன். கூரையும் மேற்பாதியும் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை; கீழ்ப்பாதி எங்கள் கிரவல் ஒழுங்கைகளின் செம்மண் நிறம். இரண்டுக்கும் நடுவே ஓடும் பழைய வளைகோட்டை, ரிங்கரிங் செய்பவர் நிரவிவிடலாம் என்று சொன்னபோதும், அப்படியே காப்பாற்றச் சொன்னேன். நிறமாற்றத்தை வாகனப் பதிவிலும் பதியவேண்டும் என்பதால் அதற்கான பத்திரங்களை இப்போது ஆயத்தப்படுத்தி வருகிறேன்.