கத்திரி நாட்குறிப்பு

மே 4
கத்திரி பிறந்துவிட்டது. வடாம் போட ஜவ்வரிசி ஊறவைத்திருந்தேன். பேரன் போனைப் பார்த்துவிட்டு, "39 டிகிரி பாட்டி! உங்க காலத்துல இப்படி இருந்துச்சா?" என்றான். இருந்ததுடா என்றேன். திருவல்லிக்கேணிக்கு உச்சிவெயில் புதுசில்லை.

மே 7
அவனுக்குப் பாதி பதில்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்து ரொம்ப மாறியது ராத்திரிதான். எங்கள் பழைய வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலும் சுண்ணாம்பும். அப்பா சாயங்காலம் ஐந்து மணிக்கு மாடியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுவார், சுர்ரென்று ஆவி கிளம்பும். எட்டு மணிக்குத் தளம் ஆறிவிடும். கோரைப்பாயில் வரிசையாகப் படுத்தால், விடிகாலையில் அம்மாவின் பழைய புடவையை யார் இழுத்துப் போர்த்திக்கொள்வது என்று சண்டை வரும். அந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டியாகிவிட்டது. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் ராத்திரி முழுக்கக் கக்குகிறது. போதாததற்குப் பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி நம் ஜன்னலைப் பார்த்து ஊதுகிறது. (நம் வீட்டுப் பெட்டி யார் ஜன்னலைப் பார்க்கிறது என்று இன்றுதான் எட்டிப் பார்த்தேன். சொல்லாமல் விடுகிறேன்.)

மே 12
காற்று மூன்றரை மணிக்குத்தான் வந்தது. கிழக்கே கடலிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. பேர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். கோடை வலுத்தால் கொண்டல் கரையேறாது. அன்றைக்கு ஊரே அடுப்பு.

மே 19
வெப்ப அலை என்று அறிவிக்கக் கடலோர ஊருக்கு 37 டிகிரியாவது வேண்டும், அதுவும் வழக்கத்தைவிட 4.5 கூடியிருக்க வேண்டுமாம். வெப்ப இரவு என்றும் ஒரு கணக்கு உண்டு. ஆனால் அன்று பகல் 40-ஐத் தொட்டிருக்க வேண்டும். பகலில் 36, ராத்திரி தலையணை நனைகிற புழுக்கம் என்றால் இந்த இரண்டு கணக்கிலும் சேராது.

மே 29
கத்திரி முடிந்தது. சரி, நம்புவதற்கில்லை. 2003-இல் சென்னை 45 டிகிரியைத் தொட்டது மே 31 அன்று.

பேரன் ஆசைப்பட்டான் என்று பத்து மணிக்குப் பாயோடு மாடிக்குப் போனோம். நாலு பக்கெட் தண்ணீரும் ஊற்றிப் பார்த்தான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்தவன் உடனே முதுகை எடுத்துக்கொண்டான். பதினொன்றரைக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்து ஏசியைப் போட்டோம்.