ஃபிரிட்ஜ் இல்லாத 14 மாசம்

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி முடிஞ்ச கையோட எங்க வீட்டு ஃபிரிட்ஜ் போயிடுச்சு. கோத்தகிரியில அந்த சீசன்ல மழை தெரியும்ல, கரண்ட் போறதும் வர்றதுமா இருந்து கம்ப்ரசர் அவுட்டுன்னு மெக்கானிக் சொல்லிட்டாரு, புதுசு வாங்கலாம்னு பாத்தா மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்சரிவு, வண்டி மேல வரல, ஒரு பத்து நாள் தள்ளிப்போச்சு. அந்தப் பத்து நாள் முடியறப்ப எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரே யோசனை, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருந்து பாக்கலாமேன்னு.

இதுக்கு முன்னாடி நான் எவ்வளவோ ட்ரை பண்ணிருக்கேன். கோயமுத்தூர்ல இருந்தப்ப 21 நாள் விடாம பண்ணினா பழக்கமாயிடும்னு சேலஞ்ச் எடுத்து காலைல 5 மணிக்கு எழறது, சர்க்கரைய விடறது, தினமும் நடக்கறது, டைரி எழுதறது, எதுவும் ஒரு மாசத்துக்கு மேல நிக்கல, என்கிட்டதான் உறுதி இல்லன்னு நினைச்சு ரொம்ப நொந்து போயிருக்கேன். அப்புறம்தான் பிலிப்பா லாலின்னு ஒரு ஆராய்ச்சியாளர் லண்டன்ல பண்ணின ஆய்வு பத்தி படிச்சேன், 2010-ல வந்தது. 96 பேர வெச்சு பாத்ததுல ஒரு பழக்கம் தானா வர ஆரம்பிக்க சராசரியா 66 நாள் ஆச்சாம், ஆனா ஆளுக்கும் பழக்கத்துக்கும் தகுந்த மாதிரி 18 நாள்லேர்ந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா பெருசா ஒண்ணும் கெட்டுப்போகலயாம். இத நான் பத்து வருஷம் முன்னாடியே படிச்சிருக்கணும்.

சரி விஷயத்துக்கு வர்றேன். இங்க கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், சமையல் ரூம்ல வடக்கு ஓர சுவத்துகிட்ட வெயில் காலத்துல கூட 20 டிகிரி தாண்டறது கஷ்டம், குளிர் காலத்து ராத்திரில 10 பக்கம் வந்துடும். அதுக்காக அது ஃபிரிட்ஜ் ஆயிடாது. 5 டிகிரிலேர்ந்து 60 டிகிரி வரைக்கும் கிருமி பெருகற ரேஞ்ச்தான், குளிர்ல மெதுவா பெருகும் அவ்வளவுதான். அதனால சோறு விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பு, மிச்சம் வெக்கறதே இல்ல. வெந்த சோத்துல கூட சாகாம இருக்கற ஒரு கிருமி உண்டு, அது விடற விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. கீழ ஊர்ல தண்ணி ஊத்தி வெச்சா காலைல புளிச்சு பழையது ஆயிடும், இங்க குளிர்ல புளிக்கவே மாட்டேங்குது, அதனால பழைய சோறு ஆசைய விட்டாச்சு.

பக்கத்து அட்டியில (படுகர் மக்களோட ஊர இங்க அப்படித்தான் சொல்வாங்க) இருக்கற படுகர் பாட்டிதான் எனக்கு டீச்சர். "இந்தக் குளிர்ல பால் எங்க கண்ணு கெடப்போகுது, காலைல ஒரு தரம் சாயங்காலம் ஒரு தரம் காய்ச்சி வை"ன்னு சொன்னாங்க, சொன்ன மாதிரியே இருக்கு. கேரட்ட கழுவாம மண்ணோட வாங்க சொன்னதும் அவங்கதான். கேத்தி பக்கம்லாம் மெஷின்ல கழுவித்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புவாங்க, பாக்க பளபளன்னு இருக்கும் ஆனா சீக்கிரம் தளர்ந்துடும், மண்ணோட இருக்கறது கூடையில வெச்சா ரெண்டு வாரம் கூட நல்லா இருக்கு. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒண்ணா போடக்கூடாது. கொத்தமல்லிய வேரோட டம்ளர் தண்ணில நிக்க வெக்கணும். முட்டை கூடையிலயே இருக்கும்.

பானைக்குள்ள பானை வெச்சு நடுவுல ஈர மணல் போடற ஐடியாவும் பண்ணி பாத்தேன். பிப்ரவரி மார்ச்ல காத்து வறண்டு இருக்கறப்ப அருமையா குளிர்ந்துச்சு, கீரையெல்லாம் மறுநாளும் விறைப்பா இருந்துச்சு, ஆனா மூட்டம் இறங்கிட்டா காத்துலயே ஈரம் நிக்குது, மணல்ல இருக்கற தண்ணி ஆவியாகாது, குளிரும் வராது. நவம்பர்ல உள்ள வெச்ச வெண்ணெய் மேல பூஞ்சை வந்து தூக்கிப்போட்டேன், மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு.

ஆனா நான் இத எழுத உக்காந்ததே வேற ஒண்ணுக்காக. ஃபிரிட்ஜ் போனதுல நான் கேக்காத பழக்கமெல்லாம் தானா வந்துடுச்சு. காய் ரெண்டு நாளைக்குத்தான் வாங்க முடியும், அதனால வாரத்துல நாலு நாள் பஜாருக்கு நடக்கறேன், போக வர 5 கிலோமீட்டர், அந்த டைரி காலத்துல ஒரு நாளும் நடக்காத நான். காட்டுமாடும் கரடியும் இருட்டுனா ரோட்டுக்கு வந்துடும், அதனால 5 மணிக்குள்ள வீடு திரும்பியாகணும், அப்ப சமையலும் சீக்கிரம், சாப்பாடும் சீக்கிரம், 9 மணிக்கெல்லாம் தூக்கம் வந்துடுது. ராத்திரி 11 மணிக்கு எழுந்து போய் ஃபிரிட்ஜ திறந்து நிக்கற பழக்கம் எனக்கு இருந்துச்சு, திறக்க கதவே இல்லங்கறப்ப அது ஒரே வாரத்துல போச்சு. காலைல 5 மணிக்கு எழறேன், அலாரம் வெக்கல.

இந்த மாவட்டமே இப்படி ஒரு தடவ மாறினது தான். 2000-கள் தொடக்கத்துல சுப்ரியா சாஹு கலெக்டரா இருந்தப்ப நீலகிரில பிளாஸ்டிக் பைய தடை பண்ணினாங்க, தமிழ்நாடு முழுக்க ஒரு தடவ யூஸ் பண்ற பிளாஸ்டிக்குக்கு தடை வந்தது 2019 ஜனவரி 1-லதான். கீழேர்ந்து வர்ற என் சொந்தக்காரங்க வெறும் கையோட கடைக்கு கிளம்புவாங்க, இங்க பிறந்து வளந்த பசங்க கேக்காமலே துணிப்பைய எடுத்துக்குவாங்க. கடையில பை கிடைக்காது, அதனால எடுத்துட்டு போறாங்க.

எல்லாருக்கும் இது சரிவராது, அதையும் சொல்லணும். கைக்குழந்தை இருக்கற வீடு, ரெண்டு பேரும் வேலைக்கு போற வீடுன்னா நான் இத பண்ண சொல்லவே மாட்டேன், எனக்கு வீட்டுலேர்ந்தே வேலை. எங்கம்மா வந்து ஒரு மாசம் தங்கினாங்க, இன்சுலின் போடறவங்க. திறந்த இன்சுலின் பேனா, அதாவது பேனா மாதிரி இருக்கற ஊசி, பெரும்பாலும் 30 டிகிரிக்குள்ள இருந்தா நாலு வாரம் வெளிலயே வெக்கலாம், ஆனா திறக்காதது 2லேர்ந்து 8 டிகிரில இருந்தாகணும், அத பாட்டி வீட்டு ஃபிரிட்ஜ்லதான் கொண்டு போய் வெச்சேன். ஆமா, பாட்டி வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்கு, பேரன் வாங்கி கொடுத்தது. அம்மா அடுத்த மாசம் மறுபடி வர்றாங்க, அவங்களுக்காக சின்னதா ஒண்ணு வாங்கலாமான்னு வீட்டுல பேச்சு ஓடுது, நான் இன்னும் முடிவு பண்ணல.

இப்ப ஜனவரி, புல்லு மேல வெள்ளையா உறைபனி. நேத்து மத்தியானம் அரைச்ச இட்லி மாவு இன்னும் பொங்கல, பழைய கம்பளிய சுத்தி அடுப்பு பக்கத்துல வெச்சிருக்கேன், வெந்நி பாத்திரத்த ரெண்டு தடவ மாத்தியாச்சு. இன்னிக்கு ராத்திரிக்கு சாமை உப்புமா, இட்லி நாளைக்குத்தான்.