துணியில் மாட்டும் கிளிப்: மெல்லிய துணிக்குத்தான் பிடி அதிகம் வேண்டும்

சின்னச் சாதனங்களை உடையில் மாட்டிக்கொள்ளும் கிளிப்பைப் பெல்ட்டை மனத்தில் வைத்து வரைந்தால் அது வடசென்னையில் பாதிப் பேருக்கு உதவாது. காசிமேட்டில் மீன் ஏற்றி இறக்குபவர் லுங்கியும் பனியனும் கட்டியிருப்பார். தண்டையார்பேட்டை வீட்டில் சமையல் நடக்கும்போது பாட்டு கேட்கும் அம்மாவுக்கு நைட்டி, இல்லையென்றால் நூல் புடவை. காலையில் மெரினா பக்கம் ஓடப் போகிறவருக்கு டீ சர்ட். தோல் பெல்ட் 3.5 முதல் 4 மி.மீ. தடிமன் இருக்கும். டீ சர்ட் துணி அரை மி.மீ.யைக் கொஞ்சம் தாண்டும். நூல் புடவை கால் மி.மீ.தான். கடையில் வாங்கும் கிளிப் பெல்ட்டில் கெட்டியாக உட்கார்ந்துவிட்டு டீ சர்ட்டில் வழுக்கி விழுவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். ஸ்பிரிங் 'லூஸ்' என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை.

கணக்குக்கு 40 கிராம் எடையுள்ள ஒரு சாதனத்தை எடுத்துக்கொள்வோம். புளூடூத் ரிசீவர், குரல் பதிவுக் கருவி, சின்ன டார்ச் எதுவாகவும் இருக்கலாம். சும்மா நின்றால் அதன் எடை 0.4 நியூட்டனுக்கும் குறைவு. படியில் தடதடவென்று இறங்கினாலோ, ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்தாலோ அது பல மடங்காகும். ஐந்து மடங்கு என்று வைத்து வடிவமைத்தால் சுமார் 2 நியூட்டன் இழுப்பைக் கிளிப் தாங்க வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக்குக்கும் பருத்தித் துணிக்கும் இடையே உராய்வுக் கெழு 0.3 என்று கொள்ளலாம். துணியின் இரண்டு பக்கமும் உராய்வதால் மொத்தம் 0.6. ஆக, கிளிப்பின் நாக்கு, அதாவது வளைந்து கொடுக்கும் பகுதி, துணியை 3.3 நியூட்டன் விசையோடு அழுத்த வேண்டும். விரலால் திறக்க 15 நியூட்டனுக்கு மேல் போகக் கூடாது. போனால் வயதானவர்கள் திறக்கவே முடியாது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் மொத்த வடிவமைப்பும்.

இப்போது நாக்கின் அளவு. நாக்கு தொடங்கும் வேரிலிருந்து துணியைக் கவ்வும் புள்ளி வரை நீளம் 36 மி.மீ., அகலம் 12 மி.மீ., தடிமன் 2.4 மி.மீ. முப்பரிமாண அச்சுக்குப் பயன்படும் பெட்-ஜி (PETG) பிளாஸ்டிக்கில் அச்சிட்டால், ஒவ்வொரு மி.மீ. வளைவுக்கும் சுமார் 1.8 நியூட்டன் கிடைக்கும். நாக்கு சும்மா இருக்கும்போது, எதிரே சாதனத்தோடு ஒட்டும் தகட்டைத் தொட்டும் தொடாமலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 0.6 மி.மீ. டீ சர்ட்டைச் செருகினால் 0.6 மி.மீ.தான் வளையும், 1.1 நியூட்டன்தான் பிடி. விழுந்துவிடும். 3 மி.மீ. தடிமனுள்ள ஜீன்ஸ் இடுப்புப் பட்டியில் அதே கிளிப் 5.3 நியூட்டன் பிடிக்கும். வழுக்கும் துணியில் பிடி குறைவு, வழுக்காத துணியில் அதிகம் என்று தலைகீழாக ஆகிவிடுகிறது.

இதற்கு மருந்து முன்னழுத்தம். துணியே இல்லாதபோதும் நாக்கு 1.5 மி.மீ. வளைந்த நிலையில் தகட்டை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அப்படிச் செய்தால் டீ சர்ட்டில் மொத்த வளைவு 2.1 மி.மீ., பிடி 3.7 நியூட்டன். இடுப்புப் பட்டியில் 4.5 மி.மீ., 8 நியூட்டன். வாயை 5 மி.மீ. திறக்கும்போது 11.6 நியூட்டன். எல்லாம் எல்லைக்குள் வந்துவிட்டது. துணி காயப்போடும் கிளிப் மெல்லிய துப்பட்டாவையும் கடற்காற்றில் விடாமல் பிடிப்பது இதனால்தான். அதன் கம்பிச் சுருள் மூடிய நிலையிலேயே முறுக்கிக்கொண்டிருக்கும்.

பிடி போதவில்லை என்றால் எல்லோரும் முதலில் தடிமனைத்தான் கூட்டுவார்கள். அங்கே கவனம் தேவை. விசை தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 2.4ஐ 2.8 ஆக்கினால் பிடி 59 சதவீதம் கூடும், 2.0 ஆக்கினால் 42 சதவீதம் குறையும். நீளம் இதற்கு நேரெதிர். 36ஐ 30 ஆக்கினால் 73 சதவீதம் இறுகிவிடும், வேரில் விழும் திரிபும் (பிளாஸ்டிக் இழுபடும் அளவு) ஏறும். திரிபுக்கு ஒரு சூத்திரம்: தடிமனையும் வளைவையும் பெருக்கி, அதை ஒன்றரை மடங்காக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன அளவில் வாய் 5 மி.மீ. திறந்தால் 1.8 சதவீதம் வரும். பெட்-ஜியில் திரும்பத் திரும்பத் திறந்து மூடும் பொருளுக்கு 2 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் வேர்ப்பக்கம் வெளுக்கும், அப்புறம் நாக்கு பழைய இடத்துக்கு வராது. பிடி வேண்டுமென்றால் முதலில் அகலத்தைக் கூட்டுங்கள். விசை அதே விகிதத்தில் ஏறும், திரிபு மாறாது.

முப்பரிமாண அச்சில் முன்னழுத்தம் கொடுப்பதில் ஒரு சங்கடம். ஒரே துண்டாக அச்சிட்டால் நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவே அரை மி.மீ. இடைவெளி விட்டே ஆக வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வழி உண்டு. நாக்கைத் தனித் துண்டாக அச்சிட்டு, அது உட்காரும் மேடையை 2.4 டிகிரி உள்பக்கம் சாய்த்து, இரண்டு எம்2.5 திருகுகளால் இறுக்கலாம். 36 மி.மீ. தூரத்தில் அந்தச் சாய்வு 1.5 மி.மீ. ஆகிவிடும். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. ஒரே துண்டாக அரை மி.மீ. இடைவெளியோடு அச்சிட்டு, தகட்டில் கவ்வும் புள்ளிக்கு நேரே 1 மி.மீ. ஆழத்தில் அடி அகன்ற, வாய் குறுகிய காடி ஒன்று விடுங்கள். அதில் 3 மி.மீ. தடிமனுள்ள டி.பி.யு. (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) பட்டையைப் பக்கவாட்டில் தள்ளிச் செருகினால் 2 மி.மீ. வெளியே துருத்தி நிற்கும். அரை மி.மீ. இடைவெளி போக 1.5 மி.மீ. முன்னழுத்தம் தானாக வந்துவிடும். கூடவே உராய்வும் ஏறும். டி.பி.யு. பக்கத்தில் கெழு 0.6 என்றால் தேவையான அழுத்தம் 3.3 நியூட்டனிலிருந்து 2.2க்கு இறங்கும். நூல் புடவையில் இந்த நாக்கு தருவது 3.1 நியூட்டன்தான் என்பதால் அந்தப் பட்டை அங்கே அவசியம். சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டிச் செருகலாம்தான். ஆனால் வெள்ளைச் சட்டையில் கறுப்புத் தடம் விழும். பல் வைத்த வாய் பட்டுப் புடவையில் ஓர் இழையைக் கவ்வி இழுத்தால் போதும், வீட்டில் பதில் சொல்ல முடியாது. பல்லே வேண்டாம்.

அச்சிடும்போது கிளிப்பை நிற்க வைக்காதீர்கள், விலாப்பக்கமாகப் படுக்க வைத்து அச்சிடுங்கள். பக்கத் தோற்றத்தை வரைந்து 12 மி.மீ. உயரம் கொடுத்தால் போதும். தாங்கு அமைப்பே தேவைப்படாது. அப்போதுதான் பிளாஸ்டிக் இழைகள் நாக்கின் நீளவாக்கில் ஓடும். நிற்க வைத்து அச்சிட்டால் அடுக்குகள் வேரில் குறுக்கே வந்து, சில நாளில் தட்டுத் தட்டாகப் பிரிந்துவிடும். 2.4 மி.மீ. என்று எடுத்ததும் காரணத்தோடுதான்: அச்சு இயந்திரம் இடும் 0.4 மி.மீ. வரி ஆறு, பக்கத்துக்கு மூன்று. நடுவில் நிரப்பலோ இடுக்கோ விழாது. வேரின் உள்மூலையில் குறைந்தது 1.5 மி.மீ. ஆரத்தில் வளைவு கொடுங்கள். கூரான மூலைதான் உடையும் இடம். தகடு 3 மி.மீ. இருக்கட்டும். அது மெலிந்தால் நாக்கோடு சேர்ந்து அதுவும் வளையும். இரண்டும் ஒரே தடிமனாக, பின்னால் தாங்கல் இல்லாமல் இருந்தால் பிடி பாதியாகிவிடும்.

நுனியில் ஒரு மூக்கு வேண்டும். கும்மிடிப்பூண்டி லோக்கலில் காலை நெரிசலில் பக்கத்து ஆளின் பை வார் சாதனத்தைக் கீழிருந்து மேலே தூக்கும். அந்தத் தள்ளலை உராய்வு மட்டும் தாங்காது. நாக்கின் உள்பக்கம், 36 மி.மீ.யில், 1 மி.மீ. உயரத்துக்கு உருண்டையாக ஒரு மேடு வையுங்கள். சட்டைப் பாக்கெட்டின் மேல் மடிப்பு பெரும்பாலும் 25 முதல் 30 மி.மீ. அகலம். மேடு அதைத் தாண்டிக் கீழே போய் உட்கார்ந்து, தையல் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். நாக்கை 28 மி.மீ.யில் முடித்தால் மேடு மடிப்பின் மேலேயே நின்றுவிடும், பலனில்லை. மேட்டுக்கு அப்பால் இன்னொரு 5 மி.மீ. நீளத்தை 30 டிகிரி வெளியே விரித்துவிட்டால் துணி தானாக நுழையும்.

சாய்வதுதான் அடுத்த தொல்லை. சாதனத்தின் எடை மையம் துணியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவுக்கு அது முன்னால் கவிழப் பார்க்கும். கிளிப்பின் வேர் சாதனத்தின் மேல் விளிம்பை ஒட்டி இருக்கட்டும். நடுவில் வைத்தால் மேல் பாதி தலைகீழாகத் தொங்கும். 2006இல் வந்த இரண்டாம் தலைமுறை ஐபாட் ஷஃபிளின் எடை 15 கிராம் சொச்சம், முதுகு முழுக்கவே கிளிப். அதனால் காலரில்கூட ஒட்டி நின்றது. 12 மி.மீ. தடிமனுள்ள சாதனத்துக்கு மேலும் 6 மி.மீ. கிளிப் அடுக்கினால் அந்தச் சுகம் வராது. லுங்கியில் மாட்டும்போது இடுப்புச் சுருட்டு முழுவதையும் கவ்வக் கூடாது. குனிந்தால் வயிறு அதைப் பிதுக்கித் தள்ளும். சுருட்டின் வெளி மடிப்புக்கும் அடுத்த மடிப்புக்கும் நடுவே நாக்கைச் செருக வேண்டும்.

பொருளைப் பற்றி. பி.எல்.ஏ. (அச்சுக்குப் பயன்படும் இன்னொரு பிளாஸ்டிக்) விறைப்பாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அது 60 டிகிரி அருகிலேயே இளகும்; மே மாத வெயிலில் ஆட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழே விட்டால் வளைந்த வாக்கிலேயே உறைந்துவிடும். பெட்-ஜி 80 டிகிரி அருகில்தான் இளகும். ஆனாலும் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மெல்லத் தளரும் என்பதால், கழற்றி வைக்கும்போது தடித்த பட்டியில் மாட்டி வைக்காதீர்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சினால் விறைப்பு ஏறக்குறைய பாதியாகும். கடலோரத்தில் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தி வார்க்கிற அளவுக்கு எண்ணிக்கை இருந்தால் அசெட்டால் பிளாஸ்டிக்தான் சரி, தளர்ச்சி குறைவு. திருவொற்றியூர் பக்கம் ஜன்னலோரம் திறந்து வைத்த பெட்-ஜி சுருளும் ஈரம் குடிக்கும். 65 டிகிரியில் நான்கைந்து மணி நேரம் உலர்த்தாமல் அச்சிட்டால் நூல் நூலாக இழுத்து, அடுக்குகள் சரியாக ஒட்டாது.

உலோகம் என்றால் 301 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் தகடு, முழுக் கடினம், 0.5 மி.மீ. அதே நீள அகலத்தில் மி.மீ.க்கு 1.55 நியூட்டன் தரும். பெட்-ஜி நாக்குக்குக் கிட்டத்தட்ட சமம், தடிமன் ஐந்தில் ஒரு பங்கு. முழுதாகத் திறக்கும்போது வேரில் 730 மெகாபாஸ்கல் அளவுக்குத் தகைவு (ஒரு பரப்பில் விழும் விசை) வரும், முழுக் கடினத் தகடு அதைத் தாங்கும். பாத்திரத்துக்குப் பயன்படும் மென்மையான 304 தகட்டை வெட்டி வளைத்தால் 2 மி.மீ. திறந்ததும் அப்படியே நின்றுவிடும், திரும்பி வராது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். விரலால் வளைத்துப் பார்த்து வாங்குங்கள். மடிப்புக் கோடு தகடு உருட்டிய திசைக்குக் குறுக்கே வர வேண்டும், உள் ஆரம் 2 மி.மீ.க்குக் குறையக் கூடாது. முலாம் பூசிய கார்பன் ஸ்பிரிங் எஃகு வெட்டிய விளிம்பில் துருப்பிடிக்கும். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் சட்டையில் பழுப்புக் கறை.

சாதனத்தோடு இணைக்கும்போது பின்மூடியில் துளை போடாதீர்கள். உள்ளே லித்தியம் பை பேட்டரி இருந்தால் திருகு நுனி அதைக் குத்தித் தீப்பிடிக்கும். நல்ல அக்ரிலிக் நுரை இரட்டைப் பக்க டேப் போதும். நிலையான சுமைக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 57 சதுர செ.மீ. என்பது கணக்கு, 40 கிராமுக்கு 2.3. நாக்கைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தகட்டின் ஓரம் உரியப் பார்க்கும் என்பதால் இரு மடங்கு கொடுங்கள். 12க்கு 45 மி.மீ. தகட்டில் 5.4 கிடைக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, 15 விநாடி அழுத்தி, 72 மணி நேரம் விட்டால்தான் முழு ஒட்டு. சிலிகான் உறையிலும் பாலிபுரொப்பிலீன் மூடியிலும் ஒட்டவே ஒட்டாது. உலோக நாக்கு ஆன்டெனா மேல் வந்தால் புளூடூத் விட்டு விட்டுக் கேட்கும்.

மணலி ஆலைகளில் மாட்டிக்கொள்ளும், வாயுக் கசிவைக் காட்டும் மானிக்கு இதையெல்லாம் செய்ய வேண்டாம். அது வெடிப்பு அபாயப் பகுதிக்கென்று சான்று பெற்ற கருவி. கிளிப்பை மாற்றினால் சான்று போய்விடும். மூக்கு வாயிலிருந்து 30 செ.மீ.க்குள், உணரித் துளையைத் துணி மூடாதபடி, அதன் சொந்தக் கிளிப்பிலேயே மாட்ட வேண்டும். காந்தக் கிளிப் எந்தத் துணிக்கும் நல்லதுதான், ஆனால் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் 15 செ.மீ.க்குள் கொண்டுவரக் கூடாது. மார்புப் பாக்கெட் அதற்குள்தான் வரும்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். பழைய டீ சர்ட் துண்டை ஆணியில் தொங்கவிட்டு, கிளிப்பை மாட்டி, அதில் 200 கிராம் மணல் பையைக் கட்டுங்கள். 2 நியூட்டன் ஆயிற்று. ஒரு நிமிடம் நழுவாமல் நிற்க வேண்டும். துணியை நனைத்து மறுபடி பாருங்கள். பிறகு வாயில் 3 மி.மீ. அட்டையைச் செருகி, மொட்டை மாடியில் ஒரு முழுப் பகல் வெயிலில் வைத்து எடுத்து, அதே 200 கிராமைத் தொங்கவிடுங்கள். காலையில் தாங்கியது மாலையில் நழுவினால் நாக்கின் அகலத்தை 12லிருந்து 15 ஆக்கி அச்சிடுங்கள். தடிமனைத் தொட வேண்டாம்.