1 ஜிபி ராம் நெட்புக்கில் டெபியன் 13: நினைவகம் எங்கே கரைகிறது

டெபியன் என்ற லினக்ஸின் 13-ஆம் பதிப்பை இங்கே நிறுவப்போகும் இயந்திரம்: இன்டெல் ஆட்டம் என்450 பிராசசர், 1 ஜிபி டிடிஆர்2 ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், 10 அங்குலத் திரை. 2010 வாக்கில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு வந்த நெட்புக்குகளில் நிறைய இந்த ரகம்தான். இலகுவான லினக்ஸ் எது என்று தேடினால், பூட் ஆனதும் இது இத்தனை எம்பி, அது அத்தனை எம்பி என்ற ஒப்பீடுகள் வந்து குவியும். அந்தக் கணக்கு 200-ஆ 350-ஆ என்பதெல்லாம் பிரவுசரைத் திறக்கும் வரைதான். ராம் குறைந்த மடிக்கணினி உண்மையில் காலை வாருவது இரண்டு கட்டங்களில்: லினக்ஸை நிறுவும்போது ஒருமுறை, பிரவுசரைத் திறந்தபின் தினமும்.

முதலில் பிராசசரைப் பார்க்க வேண்டும். என்450 பழையதானாலும் 64 பிட். அதற்கு முந்தைய என்270 வெறும் 32 பிட். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி நெட்புக்கில் வந்தவை. வெளியில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. நிறுவாமல் பென்டிரைவில் இருந்தே ஓடும் ஏதாவது ஒரு லைவ் லினக்ஸில் எல்எஸ்சிபியு கட்டளை கொடுத்தால் 64 பிட் உண்டா இல்லையா என்று முதல் சில வரிகளிலேயே தெரிந்துவிடும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. என்270 வைத்திருப்பவர்களுக்கு டெபியன் 12 அல்லது அதை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 தான் வழி. 64 பிட் என்பதற்காக எல்லாமே ஏறிவிடும் என்றும் இல்லை. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 குடும்பத்தைச் சேர்ந்தவை என்450-இல் இல்லாத சில கட்டளைத் தொகுதிகளை எதிர்பார்ப்பதால் பூட் ஆகாது. டெபியனுக்கு அந்த நிபந்தனை இல்லை.

என்450 தாங்கும் உச்ச ராம் 2 ஜிபி. பெரும்பாலும் ஒரே ஸ்லாட்தான் இருக்கும், அதனால் 1 ஜிபி குச்சியைக் கழற்றிவிட்டு 2 ஜிபி குச்சியைப் போட வேண்டும். டிடிஆர்2, 667, 200 பின். டிடிஆர்3 குச்சி அந்த ஸ்லாட்டில் உட்காராது. கிடைத்தால் வேறு எதைத் தொடும் முன்பும் இதைச் செய்துவிடுங்கள். கீழே வரும் அத்தனை வித்தைகளும் சேர்ந்து தருவதைவிட அந்தக் கூடுதல் 1 ஜிபி தருவது அதிகம்.

பழைய இயந்திரத்தில் இன்னும் இரண்டு சோதனைகள். டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையின் அறிக்கையில் 197 என்ற எண் கொண்ட வரி, அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் எண்ணிக்கை, பூஜ்யமாக இல்லையென்றால் அந்த டிஸ்க்கை நம்பி நிறுவ வேண்டாம். பாதியில் நின்றுபோகும் நிறுவலை ராம் மேல் பழிபோட்டு நாள் முழுக்கத் தேட வேண்டிவரும். அடுத்தது பயாஸ் கடிகாரம். மதர்போர்டு பேட்டரி செத்துப்போன கணினி தன்னை ஏதோ ஒரு பழைய ஆண்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். இணையச் சான்றிதழ் பிழைகள் வரும், பேக்கேஜ் பட்டியல் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று டெபியனில் மென்பொருள் நிறுவும் ஏப்ட் கட்டளை அடம்பிடிக்கும். பயாஸில் தேதியைச் சரி செய்தாலே இரண்டும் போய்விடும்.

பென்டிரைவில், நிறுவல் வட்டின் பிம்பமான ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டால் பூட் ஆகாது. லினக்ஸில் டிடி கட்டளையாலோ, விண்டோஸில் ரூஃபஸின் டிடி முறையாலோ எழுத வேண்டும். எழுதும் முன், கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று பார்க்கும் ஷா256 சரிபார்ப்பு ஒரு நிமிட வேலை, தவிர்க்காதீர்கள்.

லைவ் பதிப்பை எடுக்காமல், பேக்கேஜ்களை இணையத்தில் இருந்து இறக்கி நிறுவும் நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓவை எடுப்பதற்குக் காரணம் உண்டு. லைவ் பதிப்பில் ஒரு முழு டெஸ்க்டாப் ஓடும். நீங்கள் மாற்றும் கோப்புகள் எல்லாம் ராமிலேயே சேரும். அதன் மேல் கலமாரஸ் இன்ஸ்டாலர் திறக்கும். 1 ஜிபியில் அது பாதி வழியில் சத்தமில்லாமல் மூடிக்கொள்வது வழக்கமான காட்சி. லைவ் பதிப்புதான் வேண்டும் என்றால், இன்ஸ்டாலரைத் தொடும் முன் டெர்மினலில் ஒரு ஸ்வாப் பார்ட்டிஷனை (ராம் போதாதபோது அதற்குப் பதிலாகப் பயன்படும் டிஸ்க் பகுதி) உருவாக்கி, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன் இரண்டையும் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

நெட்இன்ஸ்ட் மெனுவில் கிராஃபிக் இன்ஸ்டாலரை விட்டுவிட்டு, எழுத்து வடிவில் உள்ள சாதாரண இன்ஸ்டாலரைத் தேர்ந்தெடுங்கள். இணையத்துக்கு ஈதர்நெட் கேபிள் உத்தமம். இல்லாவிட்டால் ஃபோனை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங். வைஃபை சிப்பைப் பொறுத்தது: ஏதெரோஸ் ஏஆர்9285 என்றால் ஃபர்ம்வேர் கூட வேண்டாம், அப்படியே ஓடும். பிராட்காம் 4312 என்றால் தலைவலி. அதன் ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய உரிமை இல்லாததால் ஐஎஸ்ஓவுக்குள் அது கிடையாது. அதை இறக்கித் தரும் பேக்கேஜுக்கே இணையம் வேண்டும். ஃபோன் டெதரிங் கைகொடுப்பது இங்கேதான்.

பார்ட்டிஷனைக் கையால் பிரியுங்கள். பழைய பயாஸ் என்பதால் எம்பிஆர் என்ற பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை போதும். புதிய வகையான ஜிபிடி போட்டால், லினக்ஸைப் பூட் செய்யும் கிரப்புக்கு 1 எம்பி தனிப் பார்ட்டிஷன் வைக்க வேண்டும், சில பயாஸ்கள் அதன் பிறகும் முரண்டு பிடிக்கும். ஸ்வாப் 2 ஜிபி, ரூட் 20 ஜிபி எக்ஸ்ட்4, மீதி ஹோம். ஸ்வாப்பை டிஸ்க்கின் தொடக்கத்தில் வையுங்கள். சுழலும் டிஸ்க்கில் வெளிவட்டம்தான் வேகமானது, பார்ட்டிஷன் எண்ணிக்கை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. பார்ட்டிஷன் எழுதியதும் இன்ஸ்டாலர் அந்த ஸ்வாப்பை உடனே பயன்படுத்தத் தொடங்கிவிடும், ஆகவே பேக்கேஜ்கள் இறங்கும் கட்டத்தில் ராம் முட்டாது. ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டால் முதல் பயனருக்கு சூடோ உரிமை (நிர்வாகி கட்டளைகளை இயக்கும் உரிமை) கிடைக்கும்.

மென்பொருள் தேர்வுத் திரையில் டெபியன் டெஸ்க்டாப், க்னோம் இரண்டும் ஏற்கெனவே குறியிடப்பட்டிருக்கும். இரண்டையும் எடுத்துவிட்டு 'வழக்கமான கணினிக் கருவிகள்' மட்டும் இருக்கட்டும். அவசரத்தில் என்டர் தட்டிவிட்டால் 1 ஜிபியில் கனமான க்னோம் டெஸ்க்டாப் இறங்கும், அப்புறம் மறுபடி முதலில் இருந்துதான்.

மறுபூட்டில் கருப்புத் திரையும் லாகின் வரியும் மட்டும் வரும். ஏப்ட்டில் பரிந்துரைப் பேக்கேஜ்கள் வேண்டாம் என்ற விருப்பத்தைச் சேர்த்து, எக்ஸ்.ஆர்க் (வரைகலைத் திரைக்கு), ஐஸ்டபிள்யூஎம் (சாளர மேலாளர்), பிசிமேன்எஃப்எம் (கோப்பு மேலாளர்), எல்எக்ஸ்டெர்மினல், நெட்வொர்க்மேனேஜர், டபிள்யூபிஏ-சப்ளிகன்ட், பைப்வயர்-ஆடியோ, லோஹித் தமிழ் எழுத்துரு ஆகியவற்றை நிறுவுங்கள். கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத் தெரியலாம். லாகின் திரைக்கென்று தனி நிரல் வேண்டாம். ஹோம் அடைவில் எக்ஸ்இனிட்ஆர்சி என்ற மறைகோப்பில் ஐஸ்டபிள்யூஎம் செஷனைத் தொடங்கும் ஒரு வரி எழுதி, லாகின் ஆனபிறகு ஸ்டார்ட்எக்ஸ் கட்டளை கொடுங்கள். இப்படிச் செய்தால் டெஸ்க்டாப் வரும்போது சுமார் 200 எம்பி செலவாகியிருக்கும். வைஃபை இணைக்க, நெட்வொர்க்மேனேஜரோடு வரும் என்எம்டியுஐ கட்டளை போதும். அது சிப்பை 'நிர்வகிக்கவில்லை' என்று விலகிக்கொண்டால், ஈடிசிக்குள் நெட்வொர்க் அடைவில் இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பில் இன்ஸ்டாலர் அந்தச் சிப்பின் பெயரை எழுதிவைத்திருக்கும். அந்த வரிகளின் முன்னால் # போட்டு மறுபூட் செய்யுங்கள்.

டெபியன் 13-க்கே உரிய ஒரு பொறி: தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி அடைவு இப்போது டிஸ்க்கில் இல்லை, ராமில் இருக்கிறது, பாதி ராம் வரை வளர அனுமதியும் உண்டு. 16 ஜிபி உள்ளவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. 1 ஜிபியில், ஏதோ ஒரு நிரல் அங்கே 300 எம்பி தற்காலிகக் கோப்பு எழுதினால் கதை முடிந்தது. சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் கட்டளையால் டிஎம்பி.மவுண்ட்டை முடக்கி மறுபூட் செய்தால் பழையபடி டிஸ்க்குக்குப் போய்விடும்.

அடுத்தது இசட்ராம். ராமின் ஒரு பகுதியையே சுருக்கி ஸ்வாப்பாக்கும் ஏற்பாடு இது. இசட்ராம்-டூல்ஸ் பேக்கேஜின் அமைப்புக் கோப்பில் விழுக்காடு 75, சுருக்க முறை எல்இசட்4. இசட்எஸ்டிடி இன்னும் நன்றாகச் சுருக்கும், ஆனால் ஒற்றைக் கோர் ஆட்டமுக்கு அந்த உழைப்பு அதிகம். இசட்ராமின் முன்னுரிமை டிஸ்க் ஸ்வாப்பைவிட உயர்ந்திருக்க வேண்டும். அது நிறைந்தபின்தான் டிஸ்க் பக்கம் போகும். ஸ்வாப் பக்கம் எவ்வளவு சீக்கிரம் போகலாம் என்பதைச் சொல்லும் ஸ்வாப்பினெஸ் மதிப்பு இயல்பாக 60. இசட்ராம் இருக்கும்போது 100-க்கு மேல் வைப்பதில் தவறில்லை, 200 வரை ஏற்கும். வேலை செய்கிறதா என்று பார்க்க இசட்ராம்சிடிஎல்: உள்ளே போன தரவு, சுருங்கிய அளவு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். இதோடு, ஸ்வாப்புக்குப் போகும் தரவை ராமிலேயே சுருக்கி வைக்கும் இசட்ஸ்வாப்பையும் இயக்கிவிடாதீர்கள். ஒரே பக்கத்தை இரண்டு முறை சுருக்குவதில் பிராசசர்தான் களைக்கும்.

ராம் தீரும் முன் தலையிடும் எர்லிஊம் நிரலை நிறுவுங்கள். ராம், ஸ்வாப் இரண்டிலும் மிச்சம் 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பெரும்பாலும் பிரவுசரின் ஒரு டேப்பை அது சாகடிக்கும். கொடூரம்தான். ஆனால் மவுஸ் கூட நகராமல் டிஸ்க் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருப்பதைவிடத் தேவலை.

பிரவுசர் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் ஈஎஸ்ஆர். இரண்டு மூன்று டேப், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. விளம்பரத் தடுப்பு நீட்டிப்பு தானும் கொஞ்சம் ராம் எடுக்கும், ஆனால் செய்தித் தளங்களில் அதைப் பலமடங்கு திருப்பித் தந்துவிடும். முகவரிப் பட்டியில் அபவுட்:அன்லோட்ஸ் போட்டால் பின்னணி டேப்களைக் கையால் இறக்கிவைக்கலாம். வீடியோவை பிரவுசருக்குள் பார்க்காதீர்கள். இந்தச் சிப்பின் கிராஃபிக்ஸில் எச்.264 என்ற வீடியோ வடிவத்தை அவிழ்க்கும் வன்பொருள் இல்லை. மொத்தச் சுமையும் பிராசசர் தலையில். எம்பிவி என்ற வீடியோ பிளேயரும், இணைய வீடியோவை எடுத்துத் தரும் ஒய்டி-டிஎல்பி-யும் சேர்ந்தால் 360பி தாராளமாக ஓடும். ஒய்டி-டிஎல்பி-யைத் திட்டத்தின் சொந்த வெளியீட்டில் இருந்து எடுங்கள். டெபியன் களஞ்சியத்தில் இருப்பது சீக்கிரம் பழசாகிவிடும்.

தமிழ் தட்டச்சுக்கு, எக்ஸ்.ஆர்க்கின் விசைப்பலகை ஏற்பாடான எக்ஸ்கேபியில் உள்ள தமிழ்99 தளவமைப்பு கூடுதல் ராம் கேட்காது. ஆனால் அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து மட்டும் தரும். தானாகப் புள்ளி வைக்கும் வசதி அதில் வராது. அது வேண்டுமென்றால் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு நிரல்களை நிறுவி, கொஞ்சம் எம்பி விட்டுக்கொடுக்க வேண்டும்.

வேகம் கூட்டுகிறேன் என்று கர்னல் வரியில் மிட்டிகேஷன்ஸ்=ஆஃப் (பிராசசர் ஓட்டைகளுக்கான தடுப்புகளை அணைப்பது) போடச் சொல்லும் ஆலோசனை இந்த இயந்திரத்துக்குப் பொருந்தாது. என்450 கட்டளைகளை வரிசைப்படி மட்டும் செய்யும் பழைய ஆட்டம். மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டைகள் அதைத் தொடாது, அணைப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அதேபோல், நிறுவும்போது திரை வராமல் கர்னல் வரியில் நோமோட்செட் போட்டிருந்தால், வேலை முடிந்ததும் கிரப் அமைப்பில் இருந்து அதை நீக்கி அப்டேட்-கிரப் கொடுங்கள். அது இருக்கும்வரை இன்டெல் டிரைவர் ஏறாது, ஒரு பக்கத்தை உருட்டுவதற்கே பிராசசர் திணறும்.